எங்கள் தெருவில் தண்ணீர் நிற்காது

ஜூன் 7, சனி

இன்றிலிருந்து தேதி போட்டு எழுதப் போகிறேன். காரணம் இவர்தான். "உனக்கு எதப் பாத்தாலும் சந்தேகம், சியாமளா" என்று காபி டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே சொன்னார். சரி, எழுதி வைப்போம். நாளைக்கு ஏதாவது நடந்தால் நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா என்று காட்டலாம்.

விஷயம் இதுதான். மகள் மதியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு லிங்க் வந்திருக்கிறது. 'வானம் பார்ப்போம்' என்று ஆன்லைன் வகுப்பு. மழை, காற்று, மேகம், பருவநிலை எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்களாம். புதன் சாயங்காலமும் சனி காலையும். கட்டணம் கிடையாது. இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. கொசுவர்த்திச் சுருள்கூட ஒன்று வாங்கினால்தான் இன்னொன்று இலவசம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பல்லையும் பார்ப்பேன், வாலையும் தூக்கிப் பார்ப்பேன்.

வகுப்பு எடுப்பவர் பெயர் அருள்வளன். நாகர்கோவில்காரர், அங்கிருந்தே பேசுகிறார். முதல் நாளே, "எல்லாரும் கேமராவத் திருப்பி உங்க வீட்டு வாசல்ல நின்னா தெரியுத வானத்தக் காட்டுங்க" என்றார். வானத்தைக் காட்டினால் வாசல் தெரியும். வாசல் தெரிந்தால் கேட்டும் பூட்டும் தெரியும். நான் கேமராவில் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, மடியில் ஒரு புடவையை வைத்து ஃபால்ஸ் தைத்துக்கொண்டே கேட்டேன். ஒரு வார்த்தை விடவில்லை. தையல்தான் கோணலாகிவிட்டது, பிரித்து மறுபடி தைத்தேன்.

ஜூன் 11, புதன்

"என்ன மக்களே, உங்க ஊருல காத்து எங்க இருந்து அடிக்கி?" என்று மதியைக் கேட்டார். ஒரே ஒரு பெண்ணைப் பார்த்து 'மக்களே' என்கிறார். என் பெண்ணை மகளே என்று கொஞ்ச இவர் யார்? அவர்கள் ஊர்ப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று இவர் சொல்கிறார். இவருக்கு எல்லா ஊர்ப் பழக்கமும் தெரியும், நம் வீட்டு கேஸ் எப்போது தீரும் என்பது மட்டும் தெரியாது. இன்றைக்கு அடுப்பில் சாம்பார் பாதி கொதிக்கும்போது தீர்ந்தது.

ஜூன் 21, சனி

மழைமானி செய்யச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டிலின் தலையை வெட்டி, புனல் போலத் தலைகீழாக உள்ளே செருகி, பக்கத்தில் ஸ்கேல் ஒட்ட வேண்டும். மதி அதை மதில் மேல் செங்கல் வைத்து நிறுத்தினாள். மூன்று நாளாகச் சொட்டு மழை கிடையாது. இன்று காலை பார்த்தால் பாட்டிலில் தண்ணீர்.

முதலில் மதியைச் சந்தேகப்பட்டேன். சத்தியம் செய்தாள். பிறகு பக்கத்து வீட்டு ஜெயசீலியின் மகனைச் சந்தேகப்பட்டேன், அவனும் இதே வகுப்புதான். கடைசியில், ஜெயசீலி வீட்டு மாடி ஏசியின் குழாய் காற்றில் ஆடி எங்கள் பாட்டிலில் சொட்டியிருக்கிறது. ஏசி போட்டதை ஊருக்கே தெரிவித்தாயிற்று, எங்கள் பாட்டிலுக்கும் தெரிவிக்க வேண்டுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மதி வகுப்பில் இதைச் சொன்னாள். அவர் சொன்ன பதிலை எழுதி வைக்கிறேன்: "தெரியலன்னா வெறுமையா விட்டுரணும் மக்களே. பொய் எண்ணு மட்டும் போடப்பிடாது. வெறுமையா இருந்தா இங்க தெரியலன்னு நமக்குத் தெரியும். பொய் எண்ணு இருந்தா அதுவும் தெரியாது, கேட்டியளா." நல்ல பேச்சுதான். நன்றாகப் பேசுகிறவர்களிடம்தான் நான் இன்னும் கவனமாக இருப்பேன்.

ஜூன் 28, சனி

வீட்டை விற்கப் போகிறோம். மதிக்குப் பள்ளிக்கூடம் தூரம், அதுதான் காரணம். ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். ஏன் ஐப்பசி என்று இவர் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்ததில்லை. யார் வீட்டைப் பார்க்க ஆள் வந்தாலும் மற்ற வீட்டுக்காரர்கள் தண்ணீரைப் பற்றிப் பேச மாட்டோம். வெள்ளம் என்ற சொல்லே அன்றைக்குத் தெருவில் இருக்காது. மூலை வீட்டைப் பார்க்க வந்தவர் என்னிடமே, "மழை நாள்ல இங்க எப்படிங்க?" என்று கேட்டார். "ஜிலுஜிலுன்னு இருக்கும்" என்றேன். வாங்கி, வெள்ளையடிக்கச் சுவரைச் சுரண்டியபோது அவருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நாள் எங்கள் யாரோடும் பேசவில்லை. தானும் விற்றுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியதும் பேச ஆரம்பித்துவிட்டார்.

இப்போது என் முறை. ஜெயசீலி வாயை மூடிக்கொண்டு இருப்பாளா என்பதுதான் கவலை. ஏசி விஷயத்தில் நான் கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்.

ஜூலை 5, சனி

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து வீட்டைப் பார்த்தது. கருப்பையா, அவர் மனைவி தேன்மொழி, எட்டு வயதில் கனிகா என்று ஒரு பெண். இவ்வளவு பேசாமல் ஒரு மனிதர் வீடு பார்த்து நான் கண்டதில்லை. தட்டித் தட்டிப் பார்க்கிறார். சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒட்டியிருக்கும் டைல்ஸைக்கூடத் தட்டினார். "துடைக்க வசதி" என்றேன்.

தேன்மொழி நிறையப் பேசினாள். "ஏங்க்கா, பிளக்கு எல்லாம் இம்புட்டு ஒசரத்துல வச்சிருக்கீங்க?"

"மதி சின்னப் பிள்ளையா இருக்கறப்ப கைய வெச்சிடுவான்னு பயம்."

"நல்ல யோசனைக்கா" என்று கனிகாவின் தலையைத் தடவினாள்.

பிறகு கிணற்றடிக்குப் போனாள். எட்டிப் பார்த்தவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். கோடை முடிந்தும் தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிறது. "ஏங்க, இங்கிட்டு வாங்க, தண்ணி எம்புட்டு மேல கெடக்குன்னு பாருங்க!" என்று புருஷனைக் கூப்பிட்டாள். "எங்க ஊருல போர் போட்டா புகைதான்க்கா வரும். நீங்க குடுத்து வச்சவங்க." அந்த மனிதரும் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். கிணற்றைப் பார்த்து வீட்டை முடிவு செய்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்? எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வெயிலில் நின்றதால் இருக்கும்.

ஆடி பிறக்கப் போகிறது, பத்திரம் ஆவணியில்தான் என்றார்கள். ஒரு மாதத்துக்கு மேல் வாயைக் கட்ட வேண்டும். என் வாயை அல்ல, தெருவின் வாயை.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் இடியோடு மழை. கட்டிலுக்கு அடியில் இருந்த அரிசி டப்பா, தையல் மெஷினின் மோட்டார், இவருடைய செருப்பு, மதியின் புத்தகம் எல்லாவற்றையும் மேஜை மேல் ஏற்றினேன். சும்மா, பெருக்குவதற்கு. மதி மழைமானியை எடுத்து வந்து அளவைச் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை.

ஜூலை 19, சனி

நான் நினைத்தது சரிதான். இன்றைக்கு அந்த ஆள் வேலையைக் காட்டிவிட்டார்.

வகுப்பில் ஒரு வரைபடம் காட்டினார். நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படிக்கிற பிள்ளைகள் வீடு ஒவ்வொன்றும் அதில் ஒரு புள்ளி. முன்பு தண்ணீர் புகுந்த வீடு சிவப்பு. புகாத வீடு பச்சை. எதுவும் எழுதாவிட்டால் சாம்பல் நிறம். ஏரிக்கரைப் பிள்ளைகள் அளக்கிற மழை ஓர் அளவைத் தாண்டினால், சிவப்புப் புள்ளி வீடுகளின் போனுக்கு 'மேலே போங்கள்' என்று செய்தி போகுமாம். "உங்க வீட்டுச் செவுருல பழைய தண்ணிக் கோடு இருக்கான்னு பாருங்க. இருந்தா தரையில இருந்து அளந்து, போட்டோவும் எடுத்துப் போடுங்க" என்றார்.

நாகர்கோவிலில் உட்கார்ந்திருப்பவருக்கு எங்கள் தெருச் சுவரில் என்ன வேலை? சோழியன் குடுமி சும்மா ஆடாது. எவனோ நிலத் தரகன் விலையை இறக்க இவரை ஏவியிருக்கிறான்.

மதி அதற்குள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கே டைல்ஸ் ஒட்டவில்லை. "அம்மா, இங்க இன்னும் கோடு இருக்குது" என்றாள். இருக்கட்டும், வா என்றேன். வரவில்லை.

"அன்னிக்கு நான் சாப்பாட்டு மேஜை மேல நின்னேன். நீ தண்ணிக்குள்ள நின்னுகிட்டு என் காலப் பிடிச்சிகிட்டே இருந்தே. விடிஞ்சுதான் போட் வந்துச்சு."

அவளுக்கு அப்போது எட்டு வயது. கனவு கண்டிருப்பாய் என்றேன். அவள் ஸ்கேலைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். இப்படிப் பார்க்க அந்த ஆள்தான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

காலையிலேயே ஜெயசீலி வந்துவிட்டாள். உள்ளே வந்து உட்காரவில்லை, கேட்டருகே நின்றே பேசினாள்.

"என்ன சியாமளா, உன் பொண்ணு தெரு பூரா அளக்கறாளாமே?"

"உன் பையனும்தான் அந்தக் கிளாஸ்ல இருக்கான்."

"என் பையன் நான் சொன்னா கேப்பான். நீ வித்துட்டுப் போயிடுவ. நாங்க அப்புறம் யார்கிட்ட விக்கிறது?"

நான்தான் மதியைத் தூண்டிவிடுகிறேன் என்று இவளுக்குச் சந்தேகம்! என் வீட்டை விற்க நானே குழி தோண்டுவேனா? இந்த மாதிரி மனசு உள்ளவர்களோடு எப்படித்தான் இத்தனை வருஷம் குடியிருந்தேனோ.

ஜூலை 21, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். ஓர் அந்நிய ஆண், பெண் பிள்ளைகளிடம் வீட்டின் உள்ளே போட்டோ கேட்கிறார் என்று சொன்னேன். சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தலைமையாசிரியை பதறிவிட்டார்.

மத்தியானம் இட்லிக்கு அரைத்தேன். உளுந்து பழசு, பொங்கவில்லை.

ஜூலை 23, புதன்

வகுப்பு இல்லை. மதி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 2, சனி

வகுப்பு திரும்ப ஆரம்பித்துவிட்டது. அவர் முதலில் மன்னிப்புக் கேட்டார். "ஒரு அம்மா கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. நான் அத யோசிச்சிருக்கணும். இனி போட்டோ வேண்டாம், எண்ணு மட்டும் போதும்" என்றார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இல்லாததுதான் எனக்கு அதிகச் சந்தேகம். தன் பேரைக் கெடுத்தவளை நியாயமானவள் என்று யாராவது சொல்வார்களா?

எண்ணை இன்றைக்கே போட வேண்டும். ஒருமுறை போட்டால் பிள்ளைகள் மாற்ற முடியாது, அவர்தான் மாற்ற முடியுமாம்.

மதி என்னிடம் வந்து மெதுவாக, "நான் வெறுமையா விட்டுடறேம்மா. பொய்யும் இல்ல, உனக்கும் பிரச்சினை இல்ல" என்றாள். பன்னிரண்டு வயதுப் பெண் எனக்கு வழி சொல்கிறது.

நான் யோசித்துப் பார்த்தேன். தெருவில் மற்ற இரண்டு பிள்ளைகளும் பூஜ்யம் போட்டுப் பச்சையாக இருக்கிறார்கள். நடுவில் நாம் மட்டும் சாம்பலாக இருந்தால் யாருக்குமே சந்தேகம் வரும். எனக்கே வரும். "பூஜ்யம் போடு" என்றேன்.

"பொய் எண்ணு போடக் கூடாதும்மா."

"வீடு விக்க வேணாமா? மறுபடியும் மேஜை மேல ஏறி நிக்கணுமா உனக்கு?"

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. மதி போய்ப் பூஜ்யத்தைப் போட்டாள். புள்ளி பச்சையாயிற்று. ராத்திரி அவளுக்குப் பிடித்த சேமியா பாயசம் செய்தேன். பசியில்லை என்றாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தேன்மொழியும் கனிகாவும் ஆடிக்கூழ் ஊற்றுகிற நாளில் வந்தார்கள். ஊரில் யாரோ அவர்களைக் குழப்பியிருக்கிறார்கள். "சென்னைப் பக்கம் பள்ளத்துல வாங்காதன்னு எங்க மாமா சத்தம் போடுறாருக்கா. இங்க தண்ணி கிண்ணி நிக்குமா?" என்று நேரடியாகவே கேட்டாள்.

நான் லேப்டாப்பைத் திறந்து வரைபடத்தைக் காட்டினேன். "எங்க தெருவுல தண்ணி நிக்காது. நான் சொல்றத நம்ப வேணாம், பாருங்க, பசங்களே அளந்து போட்டது. பச்சையா இருக்கா? பசங்க பொய் சொல்லுமா?"

"அதானே" என்றாள் தேன்மொழி. நிம்மதியாகக் கூழைக் குடித்தாள். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினாள்.

மதி கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டேன், அதற்குள் உள்ளே போய்விட்டாள். பிறகு கனிகா அவளைத் தேடிப் போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் மதிலில் இருந்த மழைமானியைப் பார்த்துக்கொண்டிருந்தன. கனிகாவும் அந்த வகுப்பில் சேரப் போகிறதாம். அந்தப் பெண் எதற்கெடுத்தாலும் "மதியக்கா சொன்னா சரி" என்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

பத்திரம் முடிந்தது. கருப்பையா சாமி கும்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தேன்மொழி எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்து கொடுத்தாள். தலையில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொள்ளாவிட்டால் என்ன நினைப்பாள்?

செப்டம்பர் 3, புதன்

குரோம்பேட்டையில் மூன்றாவது மாடிக்குக் குடிவந்துவிட்டோம். வாடகை வீடுதான், ஆனால் பிளக்குகள் எல்லாம் கீழே இருக்கின்றன. குனிந்து குனிந்து போட வேண்டியிருக்கிறது.

மதியின் புதுப் பள்ளிக்கூடம் பழையதைவிடத் தூரம்.

அக்டோபர் 18, சனி

ஐப்பசி பிறந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. படுத்ததும் தூங்கிவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஐப்பசி மழைக்கு நான் தூங்கியது இந்த வருஷம்தான்.

வகுப்பில் இப்போது கனிகா எங்கள் பழைய ஹாலில் உட்கார்ந்து பேசுகிறது. அதற்குப் பின்னால் எங்கள் டைல்ஸ் தெரிகிறது. ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு அடுத்தபடி கனிகாவின் எண்தான் சரியாக இருக்கிறது என்று அந்த ஆள் பாராட்டினார். மதி வகுப்பில் பேசுவதை நிறுத்திவிட்டாள். கேமராவையும் அணைத்து வைக்கிறாள். கேட்டால் நெட் சரியில்லை என்கிறாள். நெட் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் என்னவோ நடக்கிறது.

நவம்பர் 22, சனி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நேற்றிலிருந்து விடாத மழை. காலை வகுப்பு எடுக்கவில்லை, எல்லாரும் அளவை மட்டும் அனுப்புங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். மத்தியானம் நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். மதி லேப்டாப் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தேன். ஏரிக்கரை எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. சிவப்புப் புள்ளிகள் எல்லாம் மினுங்கிக்கொண்டிருந்தன, அந்த வீடுகளுக்குச் செய்தி போய்விட்டது என்று அர்த்தம். நடுவில் எங்கள் பழைய தெரு மட்டும் பச்சைப் பசேலென்று அமைதியாக இருந்தது.

மதி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அங்க மெசேஜ் போகாதும்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

தேன்மொழிக்குப் போன் போட்டேன்.

"என்னக்கா, நல்லா இருக்கீகளா? இங்க மழை பின்னி எடுக்குது. கிணறு ததும்பி நிக்குது, கனிகா கப்பல் விடுது."

"தேனு, சாமானை எல்லாம் மேல ஏத்திட்டு ஜெயசீலி வீட்டு மாடிக்குப் போயிடுங்க."

"எதுக்குக்கா?"

"சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

அவள் சிரித்தாள். "மழையப் பாத்து ஓடுனோம்னா எங்க ஊருல காறித் துப்பிருவாக. மேப்புல பச்சையாத்தானக்கா இருக்கு? நீங்கதான காட்டுனீக." பிறகு அவள் குரல் மாறியது. "வித்தது மனசுக்குக் கஷ்டமா இருக்காக்கா? வேற ஏதும் இருந்தா சொல்லுங்க, நேராவே பேசிக்கிருவோம்."

என்னைச் சந்தேகப்படுகிறாள்! வீட்டைத் திரும்ப வாங்கத் திட்டம் போடுகிறேன் என்று நினைக்கிறாள். வாழ்க்கையில் ஒரு தடவை நான் ஒருவருக்கு நல்லது சொல்கிறேன், அது பொய்யாகப் போகிறது. நாலு வார்த்தை சொன்னால் நம்பியிருப்பாள். அந்த நாலு வார்த்தையை நான் சொல்லவில்லை. அவளே போனை வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. ஜெயசீலிக்குப் போட்டேன். "இப்ப எதுக்கு வாயத் தொறக்கற? அவங்களுக்குத் தெரிஞ்சா நாளைக்கு என் வாசல்லதான் வந்து நிப்பாங்க" என்றாள். அவள் மாடியில் பத்திரமாக இருக்கிறாள்.

"புள்ளிய மாத்து மதி" என்று கத்தினேன்.

"என்னால முடியாது. சாராலதான் முடியும்."

நான் யார் பேரைக் கெடுத்தேனோ அவருக்கே போன் போட வேண்டியதாயிற்று. மதி நம்பரை அழுத்திக் கையில் கொடுத்தாள். என் பேரைச் சொன்னேன். மதியின் அம்மா என்றேன். அவர் எதுவும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. "எவ்வளவு உயரம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மதி எழுந்து வந்து என் நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்தாள்.

"நாலடிக்கு மேல" என்றேன்.

"அந்தத் தெருவுல மத்த ரெண்டு வீடு?"

தெரு மொத்தத்தையும் சொன்னேன். ஜெயசீலி வீட்டுக் கீழ்த்தளம், மூலை வீடு, எல்லாம். இனி அந்தத் தெருவில் ஒருவரும் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள். சொல்லி முடிப்பதற்குள் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகின. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் எண்ணெய் புகைந்து வீடெல்லாம் நாற்றம். இவர் வந்துதான் அணைத்தார்.

நவம்பர் 23, ஞாயிறு

அந்தப் பக்கம் மின்சாரம் இல்லை. யார் போனும் கிடைக்கவில்லை. பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன். ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

தேன்மொழி பேசினாள். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

செய்தி வந்தபோதும் தேன்மொழியும் கருப்பையாவும் அதை நம்பவில்லையாம். கனிகாதான் புள்ளி சிவப்பானதைப் பார்த்து, மதியக்கா வீட்டு எண் மாறியிருக்கிறது, போகலாம் என்று அழுது காலைப் பிடித்து இழுத்திருக்கிறது. ஜெயசீலி வீட்டு மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் தெரு தெரியவில்லையாம். வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. கட்டில், ஃபிரிட்ஜ், ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த நெல் எல்லாம் போயிற்று.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் ஆறியிருக்கும். "இந்த நெலமையில இத வேற ஒருத்தன் தலையில கட்ட எங்களுக்கு மனசு வராது. அவரு நனஞ்ச நெல்லு, சேறு எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிக்கிட்டிருக்காரு. இங்கனதான் கெடக்கணும்" என்றாள். பிறகு, "ஒன்னே ஒன்னுதான் கேக்கணும். அன்னைக்கு மேப்பக் காட்டுனீகள்ல, அது பொய்யின்னு உங்க மகளுக்குத் தெரியுமா? கனிகா கேட்டுக்கிட்டே இருக்கு."

"தெரியாது" என்றேன். "நான்தான் போட்டேன். மதிக்கு ஒன்னும் தெரியாது."

மதி என் பின்னால் நின்றிருக்கிறாள். போனை என் கையிலிருந்து வாங்கினாள். "எனக்குத் தெரியும் அத்தை. நான்தான் பூஜ்யம் போட்டேன். கனிகாகிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். அதை அவளிடம் சொன்னேன். "நீ எப்பவுமே அப்படித்தாம்மா சொல்ற" என்றாள்.

நவம்பர் 26, புதன்

இரண்டு நாளாகத் துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை. இவர் ஒரு வண்டி பிடித்து அரிசி, பாய், போர்வை எல்லாம் ஏற்றிக்கொண்டு பழைய வீட்டுக்குப் போயிருக்கிறார். நானும் வருகிறேன் என்றேன். இப்போது வேண்டாம் என்றார்.

மத்தியானம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வெளிச்சம் வந்திருந்தது. "மதி, மழை விட்டுடுச்சு. துணிய எடுத்துட்டுப் போய் பால்கனியில போடு" என்றேன்.

அவள் வாளியை எடுக்கவில்லை. முதலில் பால்கனிக்குப் போனாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கையை உள்ளே இழுத்து, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.